தசைப்பிடிப்பு: பிடித்த நொடியிலிருந்து செய்ய வேண்டியவை, வரிசை மாறாமல்

தசைப்பிடிப்பு வந்தால் நீட்ட வேண்டும், தேய்க்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்தவைதான்; தெரியாமல் இருப்பது அவற்றின் வரிசை. ஓட்டப்பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுடன் பல ஆண்டுகள் இருந்து பார்த்ததில், கால் பிடித்தவுடன் அவர்கள் முதலில் தேய்க்கிறார்கள், விடவில்லை என்றதும் தண்ணீர் கேட்கிறார்கள், நீட்டுவது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் பிடிப்பு தானாகவே தளர்ந்துவிடுவதால், கடைசியாகக் குடித்த தண்ணீருக்கு நல்ல பெயர் போய்ச் சேர்கிறது. இரவில் வரும் பிடிப்பை நானே நெடுங்காலம் அனுபவித்தவன் என்பதால், இந்த வரிசைப் பிழை எத்தனை நிமிட வேதனையைக் கூட்டுகிறது என்பதையும் அறிவேன்.

1. வந்திருப்பது பிடிப்புதானா என்று பாருங்கள்

பிடிப்பு திடீரென வரும். தசை உங்கள் விருப்பமின்றிச் சுருங்கி, தோலுக்கு அடியில் கல்லைப்போலத் திரண்டு நிற்கும். கெண்டைக்காலில் வந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி வளையும். சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை நீடித்துப் பின் விட்டுவிடும். விட்ட பிறகும் அந்த இடம் அடிபட்டதுபோல் ஓரிரு நாள் வலிக்கலாம்.

பேச்சுவழக்கில் இதை 'நரம்பு சுருட்டிக்கொண்டது', 'கெண்டை பிரண்டுவிட்டது', 'வாயுப் பிடிப்பு' என்றெல்லாம் சொல்கிறோம். சொல் எதுவானாலும் குற்றமில்லை. ஆனால் நரம்பு சுருண்டுவிட்டது என்று உண்மையாகவே நம்புகிறவர் அதை நீவி எடுக்க முயல்கிறார். சுருண்டிருப்பது நரம்பு அன்று, தசை. நரம்பு செய்யும் தவறு, சுருங்கச் சொல்லும் ஆணையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருப்பது மட்டுமே.

பிடிப்பைப்போலத் தோன்றி வேறாக இருப்பவை சில உண்டு. கீழ்க்காணும் வழிமுறைகள் அவற்றுக்குப் பொருந்தா. ஒரு காலில் மட்டும் வீக்கம், வெப்பம், நிறமாற்றம் ஆகியவற்றோடு வலி விடாமல் நீடித்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலைத் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சில நிமிடங்களில் சரியாகி, மறுபடி நடந்தால் வலித்தால், அது தமனியில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். இரவில் காலை அசைத்தே தீரவேண்டும் என்ற தவிப்பு இருந்து, தசை மட்டும் இறுகாமல் இருந்தால், அது ஓய்விலாக் கால் நோய். அதற்கான மருத்துவம் வேறு. ஓடும்போது 'பட்' என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, காலை ஊன்ற முடியாமல் போனால் அது தசைக்கிழிவு அல்லது தசைநாண் அறுந்த நிலை. அதை நீட்டினால் கிழிவு பெரிதாகும்.

2. பிடிப்பு இல்லாத நேரத்தில் செய்து வைக்க வேண்டியவை

நள்ளிரவில் வலியோடு விழித்தவருக்கு யோசிக்கும் நிலை இருக்காது. ஆகவே நீளமான துண்டு ஒன்றைக் கட்டில் தலைமாட்டில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தைக் கையால் எட்டிப் பிடிக்க இயலாதவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், இதுவே முக்கியக் கருவி.

விளக்கின் சுவிட்சும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிடிப்பினால் உண்டாகும் கேடுகளில் பெரியது வலியன்று, இருட்டில் ஒற்றைக் காலில் எழுந்து விழுவதே. ஒருமுறை நானும் அப்படி எழுந்தேன். கெண்டைக்கால் வலி இரண்டு நிமிடத்தில் போயிற்று, கட்டில் விளிம்பில் இடித்த முழங்கை வலி மூன்று வாரம் இருந்தது.

மூன்றாவதாக, அடுத்த பகுதியில் வரும் நீட்டலை வலியில்லாத ஒரு பகல் வேளையில் செய்து பழகுங்கள். எந்தத் திசையில் இழுத்தால் எந்தத் தசை நீள்கிறது என்பதை உடல் முன்பே அறிந்திருந்தால்தான், தூக்கக் கலக்கத்தில் பாதத்தைத் தவறான பக்கம் தள்ளாமல் இருப்பீர்கள்.

3. பிடித்தவுடன் முதல் வேலை: நீட்டுவது

தசைக்குள் இருக்கும் ஒருவகை உணர்விகள் தசையைச் சுருங்கத் தூண்டுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் உள்ள வேறு உணர்விகள் இழுவிசை கூடும்போது 'போதும், தளர்' என்று தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. தசை களைத்திருக்கும்போதும், அது ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும்போதும், முதல் குரல் ஓங்கி இரண்டாவது குரல் தாழ்ந்துவிடுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நீட்டும்போது தசைநாண் இழுபடுவதால் அந்த இரண்டாவது குரல் மீண்டும் எழுகிறது. தேய்த்தல், தண்ணீர், ஒத்தடம் ஆகிய மூன்றும் இதைச் செய்வதில்லை. எனவேதான் நீட்டலை முதலில் வைக்கிறேன்.

கெண்டைக்கால் பிடித்தால் எழுந்து ஓடாதீர்கள். படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ முழங்காலை மெதுவாக நேராக்குங்கள்; துண்டைப் பாதத்தின் முன்பகுதியில், விரல்களுக்குச் சற்றுக் கீழே மாட்டி, இரு முனைகளையும் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். விரல்களை மட்டும் பிடித்து இழுப்பது பலரும் செய்யும் பிழை; அப்போது விரல்தான் வளையும், கெண்டைத்தசை நீளாது.

இழுப்பு சீராகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசைக்குள் இருக்கும் உணர்விகள் அதைத் தாக்குதலாகக் கொண்டு மேலும் சுருங்கச் சொல்லும். நார்கள் கிழியவும் கூடும். முதல் சில நொடிகளில் வலி சற்றுக் கூடும். அங்கேதான் புதியவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் மூச்சை அடக்காமல், இழுப்பைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிடித்திருங்கள்; பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள், உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், கல்லாக இருந்த திரட்சி குழைந்து இறங்குவதை உணரலாம். இறங்கிய பிறகும் இன்னும் அரை நிமிடம் விடாதீர்கள். உடனே விட்டால் தசை மறுபடியும் குறுகிப் பிடிப்பு திரும்ப வருவது வழக்கம்.

துண்டு இல்லாவிட்டால், பாதத்தை நீங்களே முழங்காலை நோக்கி மேலே மடக்குங்கள். கணுக்காலின் முன்புறத் தசை வேலை செய்யும்போது, அதற்கு எதிரான கெண்டைத்தசையைத் தளர்த்தும்படி தண்டுவடம் தானாகவே ஆணையிடுகிறது. நிற்க முடிகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிடித்த காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தலாம்.

4. எந்தத் தசைக்கு எந்தத் திசை

பிடித்த தசை எந்த மூட்டை எந்தப் பக்கம் மடக்குகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உள்ளங்காலில் பிடித்தால் விரல்கள் கீழ்நோக்கிச் சுருளும். இங்கே மட்டும் விரல்களையே பிடித்து மேல்நோக்கி வளைப்பது சரி. தொடையின் பின்புறம் பிடித்தால் மல்லாந்து படுத்து, முழங்காலை நேராக்கியபடி காலை உயர்த்த வேண்டும். முன்தொடையில் பிடித்தால் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும்; நின்று செய்வதானால் மறுகையால் ஏதாவதொன்றைப் பற்றிக்கொள்ளுங்கள். எழுதி எழுதிக் கைவிரல்கள் பிடித்துக்கொண்டால் விரல்களை விரித்து மணிக்கட்டைப் பின்னோக்கி வளையுங்கள்.

நீச்சலின்போது பிடித்தால் இந்த வரிசைக்கு முன்னால் ஒரு படி சேர்கிறது: உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, முதலில் மல்லாந்து மிதங்கள். கரையை நோக்கி உதைத்து நீந்த முயல்வது பிடிப்பை இறுக்கும். மிதந்தபடியே பாதத்தைப் பிடித்து நீட்டிவிட்டு, பிடித்த காலை அசைக்காமல் கைகளால் நீந்தி வெளியேறுங்கள். வாகனம் ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதுதான் முதல் படி, மற்றது பிறகு.

5. பக்கத்தில் இருப்பவர் உதவும்போது

உதவி பல நேரம் உபத்திரவமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடி முடித்து அமர்ந்த ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்தது. நண்பர்கள் இருவர் ஓடி வந்தார்கள், ஒருவர் பாதத்தை முழு பலத்தோடு தள்ளினார், மற்றவர் திரண்டிருந்த தசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிசைந்தார். பிடிப்பு விட்டது, ஆனால் மறுநாள் அந்த இடம் கன்றி நீலம் பாய்ந்திருந்தது, பத்து நாள் அவரால் ஓட முடியவில்லை.

உதவுபவர் ஒருவராக இருப்பதே நல்லது. அவர் ஒரு கையால் குதிகாலை ஏந்திக்கொண்டு, மறுகையின் உள்ளங்கையைப் பாதத்தின் முன்பகுதியில் வைத்து மெல்லத் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளலாம் என்பதை வலிப்பவரே சொல்ல வேண்டும். சுருங்கிய நிலையில் இருக்கும் தசையை அழுத்திப் பிசைவது கூடாது, ஏனெனில் இறுக்கத்தில் இருக்கும் நார்கள் அழுத்தத்துக்கு நெகிழ்ந்து கொடுப்பதில்லை.

6. விட்ட பிறகு

இப்போதுதான் தேய்ப்பதற்கும் ஒத்தடத்துக்கும் முறை வருகிறது. முதலில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி உள்ளங்கையால் நீவிவிடலாம். அதன்பின் வெந்நீர்ப் பை அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் எஞ்சிய இறுக்கம் தளரும். மறுநாள் தொட்டால் வலிக்கும் அளவுக்கு இருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டி சிலருக்கு இதம் தருகிறது. பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் தவிர்ப்பதே நல்லது. சூடு பட்டுக் கொப்புளம் வந்த பின்தான் தெரியும் என்ற நிலையில், ஒத்தடத்தின் பயனைவிட ஆபத்து பெரிது.

வலிநிவாரண மாத்திரை பிடிப்பை விடுவிக்காது. அது வேலை செய்யத் தொடங்க அரை மணிக்கு மேலாகும். பிடிப்போ அதற்கு முன்பே போயிருக்கும். மறுநாள் வலிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

7. காரணத்தைத் தேடும்போது எங்கிருந்து தொடங்குவது

பெரும்பாலோர் உடலில் ஏதோ ஒரு சத்துக் குறைவு என்ற முடிவிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் தசையின் களைப்பு, அடுத்து உடல் கிடக்கும் நிலை, அடுத்து மருந்துகள், அதன் பிறகே நீரும் உப்பும், கடைசியில் நோய்கள். எளிதில் சரிபார்க்கக்கூடியதும் அடிக்கடி காரணமாக இருப்பதும் முன்னால் வர வேண்டும் என்பதே இதன் நியாயம்.

களைப்பு: பழக்கமில்லாத அளவுக்கு நடந்தீர்களா, படியேறினீர்களா, நெடுநேரம் நின்றீர்களா என்று பிடிப்புக்கு முந்தைய 24 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டக்காரர்களுக்குப் பிடிப்பு பெரும்பாலும் பயிற்சியில் பழகியதைவிட வேகமாக ஓடிய நாளில், அதுவும் இறுதிப் பகுதியில் வருகிறது. உடல் முழுதும் உப்பு குறைந்ததுதான் காரணம் என்றால், உழைத்த கெண்டைக்காலோடு நில்லாமல் எல்லாத் தசைகளும் பிடிக்க வேண்டுமே என்ற கேள்வியை நான் புதியவர்களிடம் கேட்பதுண்டு.

உடல் கிடக்கும் நிலை: மல்லாந்து படுக்கும்போது போர்வையின் கனம் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, குப்புறப் படுத்தாலும் அப்படியே. கெண்டைத்தசை மணிக்கணக்கில் குறுகிய நிலையில் கிடந்து, தூக்கத்தில் சற்றே அசைந்தாலும் பிடித்துக்கொள்கிறது. விடியலில் சோம்பல் முறிக்கும்போது பலருக்குப் பிடிப்பதும் இதனால்தான். போர்வையைக் கால்மாட்டில் செருகாமல் தளர்வாக விடுங்கள். குப்புறப் படுப்பவர்கள் பாதங்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். சோம்பல் முறிக்கும்போது விரல்நுனிக்குப் பதில் குதிகாலை முன்னே தள்ளுங்கள். எனக்கு இரவுப் பிடிப்பு குறைந்ததில் பெரும்பங்கு இந்தக் கடைசிப் பழக்கத்துக்கே உரியது என்று நினைக்கிறேன்.

மருந்துகள்: சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை, ஆஸ்துமாவுக்கான சில உறிஞ்சு மருந்துகள் ஆகியவற்றோடு பிடிப்பு வருவதுண்டு. புதிய மருந்து தொடங்கிய தேதியையும் பிடிப்பு தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள், ஏனெனில் அந்த மாத்திரை தடுக்கும் நோய் பிடிப்பைவிடக் கொடியது.

நீரும் உப்பும்: கடும் வெயிலில் பல மணி நேரம் உழைத்து வியர்வை கொட்டியவருக்கு இது உண்மையான காரணமாக இருக்கலாம். அவர் இழந்தது நீரோடு சோடியத்தையும் என்பதால், உப்பு கலந்த பானமே பொருத்தம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தை மேலும் நீர்த்துப்போகச் செய்யும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதய, சிறுநீரக நோயாளிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உப்பையோ நீரையோ கூட்டக்கூடாது.

நோய்கள்: தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவால் நரம்புப் பாதிப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, கீழ்முதுகில் நரம்பு நெருக்கம் ஆகியவை பிடிப்பாகவும் வெளிப்படலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் இரவுப் பிடிப்பு சாதாரணமாகக் காணப்படுவது; அது நோயன்று. 50 வயதுக்கு மேல் காரணம் எதுவும் அகப்படாமலே வருவதும் மிகுதி.

8. படுக்கும் முன் நீட்டல்

தடுப்பதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், 55 வயதைக் கடந்த 80 பேரில் ஒரு பிரிவினர் படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டும் பயிற்சியை ஆறு வாரம் செய்தனர். செய்யாதவர்களைவிட அவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன.

சுவரிலிருந்து ஏறத்தாழ ஓர் எட்டு தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னோக்கிச் சாயுங்கள். 20 முதல் 30 நொடி இருந்து, காலுக்கு மூன்று முறை செய்யுங்கள். பின்பாதத்தின் விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நீட்டல் வீணாகிறது. அவை சுவரை நேராகப் பார்க்க வேண்டும். பிறகு அமர்ந்து, கால்களை நீட்டி, துண்டால் பாதத்தை இழுத்துப் பின்தொடையையும் அதே கணக்கில் நீட்டுங்கள்.

நான்கு நாள் செய்து 'பயனில்லை' என்று விடுபவர்களே அதிகம். ஆறு வாரம் ஒருநாளும் விடாமல் செய்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

9. மாத்திரைகளும் கைவைத்தியமும்

மக்னீசியம் மாத்திரைதான் அதிகம் கேட்கப்படுவது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் புதுப்பித்த மீளாய்வு, முதியவர்களின் பிடிப்பைத் தடுப்பதில் அது குறிப்பிடத்தக்க பயன் தர வாய்ப்பில்லை என்று முடிவு செய்தது. கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வயிற்றுப்போக்கு அதன் வழக்கமான பக்கவிளைவு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது உடலில் தேங்கி ஆபத்தாகும்.

மலேரியா மருந்தான குவினைன் பிடிப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் இரத்தத் தட்டணுக்களைக் கடுமையாகக் குறைத்தும் இதயத் துடிப்பைக் குலைத்தும் மரணம் வரை கொண்டுபோகக்கூடியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கால்பிடிப்புக்கு இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2010இல் மீண்டும் எச்சரித்தது. பழைய மருந்துச் சீட்டு வீட்டில் இருக்கிறது என்பதற்காக வாங்கி உட்கொள்ளாதீர்கள்.

வெள்ளரி ஊறவைத்த புளிக்காடி நீரைப் பற்றிய செய்தி சுவையானது. 2010இல் வெளியான ஆய்வில், மின்தூண்டலால் உண்டாக்கிய பிடிப்பு, அதைக் குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிட விரைவில் விட்டது. ஆனால் உப்பு இரத்தத்தில் கலந்து வேலை செய்ய அந்த நேரம் போதாது. காடியின் புளிப்பு தொண்டையில் எழுப்பும் அனிச்சைச் செயலே பிடிப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை, நீட்டிக்கொண்டே குடியுங்கள்.

10. முதுகிலும் கழுத்திலும் பிடித்தால் வரிசை மாறும்

கனமானதைக் குனிந்து தூக்கியபோதோ, கோணலாகத் தூங்கி எழுந்தபோதோ வரும் பிடிப்பு கெண்டைக்கால் பிடிப்பைப் போன்றதன்று. இங்கே அடியிலுள்ள மூட்டையோ முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையோ காக்க, சுற்றியுள்ள தசைகள் அரணாக இறுகுகின்றன. அது நிமிடங்களில் விடாது, நாட்கணக்கில் இருக்கும். ஆகவே உடனே இழுத்து நீட்டுவதும், பிறரைக் கொண்டு கழுத்தைச் 'சொடுக்கெடுப்பதும்' கூடாது.

முதலில் வலி குறைவான நிலையைக் கண்டுபிடியுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைப்பது பலருக்கு உதவும். அடுத்து வெந்நீர் ஒத்தடம். அதன்பின், அன்றே, வலி தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக நடங்கள். ஒரு வாரம் படுத்தே கிடப்பது பழைய அறிவுரை. அசையாமல் கிடந்தால் தசை மேலும் இறுகி, குணமாவது தாமதமாகிறது என்பதால் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை.

மார்பிலோ இடது தோளிலோ இறுக்கம் வந்து, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அதை 'வாயு' என்றோ 'மூச்சுப்பிடிப்பு' என்றோ ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். மாரடைப்பு என்று கொண்டே அவசர உதவியை அழையுங்கள்.

11. மருத்துவரிடம் எப்போது, எதைக் கொண்டு

அன்றே போக வேண்டியவை: முதுகுவலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், கடும் உழைப்புக்குப் பின் தசைவலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போதல், காயம்பட்ட சில நாட்களில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமை, வாயைச் சுற்றி ஊறலும் கைவிரல்கள் குவிந்து இழுத்துக்கொள்வதும்.

சில நாட்களுக்குள் போக வேண்டியவை: வாரத்தில் பலமுறை தூக்கம் கெடுதல், தசை மெலிதல் அல்லது தொடர்ந்து துடித்தல், கால்களோடு நில்லாமல் உடலின் பல இடங்களில் பிடித்தல்.

போகும்போது, இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள்: பிடித்த மணி, எந்தத் தசை, எத்தனை நிமிடம், அன்று செய்த வேலை, உட்கொண்ட மருந்துகளின் பெயரும் அளவும். 'அடிக்கடி வருகிறது' என்று சொல்பவரிடம் மருத்துவர் பத்துக் கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். முதல் முறை நான் எழுதிக்கொண்டு போன தாளில், பதினான்கு நாட்களில் வந்த ஒன்பது பிடிப்புகளில் ஏழு விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வந்திருந்தன. அதைப் பார்த்தவுடன் அவர் கேட்டது ஒன்றே: "எழுந்திருக்கும்போது காலை எப்படி நீட்டிச் சோம்பல் முறிப்பீர்கள்? செய்து காட்டுங்கள்."